எரிக் வில்சனும் பெயர் சொல்லப்படாத ஒரு சார்ஜென்ட்டும்

இரண்டு நாளாக எரிக் வில்சன் ஞாபகமாகவே இருக்கிறது. 1940 ஆகஸ்டில் இத்தாலியப் படை பிரிட்டிஷ் சோமாலிலாந்துக்குள் நுழைந்தபோது, துக் அர்கான் கணவாயில் சோமாலி ஒட்டகப் படையின் இயந்திரத் துப்பாக்கிகளுக்குப் பொறுப்பாக இருந்த கேப்டன் அவர். 11ஆம் தேதி எதிரிகள் மலைப்பீரங்கியை 700 கஜம் வரை கொண்டுவந்து சுட, இரண்டு குண்டுகள் அவருடைய அரணின் துப்பாக்கித் துளைகள் வழியாகவே உள்ளே வந்து வெடித்தன. வலது தோளிலும் இடது கண்ணிலும் காயம், துப்பாக்கிகள் தாங்கியிலிருந்தே பிய்ந்து விழுந்துவிட்டன, மனிதர் அவற்றைச் சரிசெய்து திரும்ப ஏற்றிச் சுட்டார். அப்புறம் மலேரியா வேறு. 15ஆம் தேதி மாலை 5 மணிக்கு அந்த இடம் வீழும்வரை விடவில்லை.

செத்துவிட்டார் என்று நினைத்துத்தான் அக்டோபரில் பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸை அறிவித்தார்கள். ஆள் எரித்திரியாவில் போர்க்கைதியாக உயிரோடு இருந்தார்! பிடிபட்டு வந்த ஒரு விமானப்படை அதிகாரி சொல்லித்தான் அவருக்கே விஷயம் தெரியும். 1941இல் விடுதலை, பிறகு வட ஆப்பிரிக்கப் பாலைவனப் போர், பர்மாவில் கிழக்கு ஆப்பிரிக்கச் சிப்பாய்களோடு போர். 2008இல், 96 வயதில் இறந்தார்.

என் மனதை அறுப்பது ஒரே ஒரு வரி. அந்த அரணுக்குள் அவர் பக்கத்திலேயே ஒரு சோமாலி சார்ஜென்ட் செத்து விழுந்தார் என்று விருது அறிவிப்பிலேயே இருக்கிறது. "அவருடைய சோமாலி சார்ஜென்ட்", அவ்வளவுதான். பெயர் போடவில்லை.