ஆறு மருந்து, 72 எண்ணிக்கை: வேரியன்ஸ் சமமா என்று பார்த்த அனுபவம்

ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தைக் கைடிடம் கொடுத்தேன். மேடம் அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அனோவா போட்டிருக்கே, சரி. குழுக்களோட வேரியன்ஸ் சமமா இருக்கான்னு பார்த்தியாம்மா?"

பார்க்கவில்லை. பல குழுக்களின் சராசரிகள் வேறுபடுகின்றனவா என்று பார்க்கும் சோதனைதான் அனோவா; ஒரு குழுவின் எண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு வேரியன்ஸ். "அப்போ உன் தரவை இப்பத் தொடாதே. விடை தெரிஞ்ச தரவுல செஞ்சு பழகிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் மென்பொருளோடு சேர்ந்தே வரும் 'இன்செக்ட்ஸ்பிரேஸ்' தரவை எடுத்துக்கொண்டேன். பீல் என்பவர் 1942இல் பயோமெட்ரிகா இதழில் எழுதிய கட்டுரையின் வழியாக வந்தது அது. ஏ முதல் எஃப் வரை ஆறு பூச்சி மருந்துகள். ஒவ்வொன்றுக்கும் 12 இடங்களில் எண்ணிய பூச்சிகள். என்னுடையதும் பூச்சி எண்ணிக்கைதான் என்பதால் இது பொருத்தமாகப் பட்டது.

முதலில், ஒவ்வொரு குழுவின் பரவலையும் ஒரு பெட்டியாகக் காட்டும் பாக்ஸ் பிளாட் வரைந்தேன். ஏ, பி, எஃப் மூன்றும் உயரத்தில் அகலமாகப் பரந்து கிடந்தன. சி, டி, இ மூன்றும் கீழே ஒடுங்கிக் கிடந்தன. பத்தாம் வகுப்பில் 'விலக்க வர்க்கச் சராசரி' என்று படித்தோமே, அதுதான் வேரியன்ஸ். அதைக் கணக்கிட்டால் இ மருந்துக்கு 3.0, எஃப் மருந்துக்கு 38.6. பதின்மூன்று மடங்கு வித்தியாசம். சாதாரண அனோவாவோ ஆறு குழுக்களுக்கும் ஒரே வேரியன்ஸ் என்று வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கலந்து 15.38 என்று ஓர் எண்ணைப் பயன்படுத்துகிறது. அது எஃப்பையும் குறிக்கவில்லை, இயையும் குறிக்கவில்லை.

வேரியன்ஸ்கள் சமமா என்று சோதிக்கும் பார்ட்லெட் சோதனையைக் கையால் போட்டுப் பார்த்தேன். 1937இல் வந்த முறை இது. கலந்த வேரியன்ஸின் மடக்கையிலிருந்து தனித்தனி வேரியன்ஸ்களின் மடக்கைச் சராசரியைக் கழித்து, 66ஆல் பெருக்க வேண்டும். எனக்கு 26.88 வந்தது. ஆர் 25.96 என்றது. ஒரு மாலை முழுக்க நோட்டில் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. விட்டுப்போனது கடைசியில் வகுக்க வேண்டிய திருத்தக் காரணி. இந்தத் தரவுக்கு அது 1.035. வகுத்ததும் 25.96 வந்துவிட்டது. நேரம் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்த மாலைக்குப் பிறகுதான் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்தது.

இந்த எண்ணை ஒப்பிட வேண்டிய கை வர்க்க (chi-square) அட்டவணையில் ஐந்து சதவீத அளவுக்கான எல்லை 11.07. கணக்கு அதை எங்கோ தாண்டிவிட்டது. பி மதிப்பு, அதாவது வேரியன்ஸ்கள் உண்மையில் சமமாக இருந்தால் இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு, 0.00009. வேரியன்ஸ்கள் சமம் என்ற இன்மை எடுகோள் நிற்கவில்லை.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் டி மருந்தின் வரிசை கண்ணை உறுத்தியது: 3, 5, 12, 6, 4, 3, 5, 5, 5, 5, 2, 4. அந்த 12ஐ மட்டும் மறைத்துவிட்டுக் கணக்கிட்டால், 6.27 ஆக இருந்த வேரியன்ஸ் 1.42க்கு இறங்குகிறது. ஒரே ஓர் இடம்! பார்ட்லெட் சோதனை தரவு மணி வடிவ இயல்நிலைப் பரவலில் இருப்பதாக நம்பி இயங்குவது. பரவலின் வால் நீண்டிருந்தாலும், அதாவது நடுவிலிருந்து மிகத் தள்ளிய எண்கள் இருந்தாலும், அதை வேரியன்ஸ் வித்தியாசம் என்றே சொல்லிவிடும். பாக்ஸ் என்ற புள்ளியியலாளர் 1953லேயே இதை எச்சரித்திருக்கிறார்.

ஆகவே அதே கேள்வியை வேறு வழியில் பார்க்கும் லெவீன் சோதனைக்குப் போனேன். இதன் யோசனை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒவ்வோர் எண்ணும் தன் குழுவின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்து, அந்தத் தூரங்களின்மேல் அனோவா போடுவது, அவ்வளவுதான். லெவீன் 1960இல் சராசரியிலிருந்து அளந்தார். பிரவுனும் ஃபோர்சைத்தும் 1974இல் இடைநிலையிலிருந்து அளந்தார்கள். இடைநிலை என்றால் அந்த 12 போன்ற ஒற்றை எண் நடுவை இழுத்துப்போக முடியாது. சராசரித் தூரம் எஃப்புக்கு 4.83, இக்கு 1.33. அந்த அனோவா தரும் எஃப் விகிதம் (இந்த எஃப் மருந்தின் பெயர் அல்ல) 3.82, பி மதிப்பு 0.004. தர வரிசையை வைத்து இயங்கும் ஃப்ளிக்னர்-கில்லீன் சோதனை பி மதிப்பு 0.013 என்றது. மூன்றும் ஒரே பக்கம் நின்றாலும், சான்றின் அழுத்தம் எவ்வளவு குறைந்துவிட்டது பாருங்கள். என்னைக் கேட்டால் எண்ணிக்கைத் தரவுக்கு இடைநிலை வைத்த லெவீனைத்தான் முதலில் எடுப்பேன்.

பிறகுதான் முக்கியமானது பிடிபட்டது. பொதுவாகச் சராசரி கூடிய இடத்தில் வேரியன்ஸும் கூடியிருக்கிறது. சிக்குச் சராசரி 2.08, வேரியன்ஸ் 3.9, எஃப்புக்கு 16.67, 38.6. எண்ணிக்கைகளின் இயல்பே அது. பூச்சி சுழியத்துக்குக் கீழே போகாது; குறைவாக இருக்கும் இடத்தில் பரவ இடமும் குறைவு. இப்படிப்பட்ட தரவுக்கு வர்க்கமூலம் எடுப்பது பழைய வழக்கம். எடுத்தேன். பார்ட்லெட் 25.96லிருந்து 3.75க்கு இறங்கியது, பி மதிப்பு 0.59. இது வேரியன்ஸ் சமம் என்பதற்கு நிரூபணம் அல்ல, சமமில்லை என்று சொல்லச் சான்று கிடைக்கவில்லை என்றுதான் எழுத வேண்டும். குழுவுக்கு 12 எண்களே இருக்கும்போது அந்த வேறுபாடு முக்கியம்.

வர்க்கமூலத்துக்கும் ஒரு விலை உண்டு. சியின் சராசரியை அந்த அளவில் கண்டு திரும்ப வர்க்கப்படுத்தினால் 1.55தான் வருகிறது, 2.08 வருவதில்லை. அட்டவணையில் எதைத் தருகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். உருமாற்றம் வேண்டாம் என்பவர்களுக்கு, வேரியன்ஸ்கள் சமம் என்று வைத்துக்கொள்ளாத வெல்ச் முறை இருக்கிறது. ஆரின் 'ஒன்வே டெஸ்ட்' சமம் என்று நாமாகச் சொல்லாதவரை அதைத்தான் போடும்.

மேடத்திடம் இரண்டு பாக்ஸ் பிளாட்டுகளைக் கொண்டுபோனேன், வர்க்கமூலத்துக்கு முன்னும் பின்னும். டி மருந்துக்கு மேலே தனியாக நின்ற புள்ளியில் விரலை வைத்தார்.

"இதை எடுத்துட்டியா?"

"இல்ல மேடம். எடுக்கக் காரணம் ஏதும் கிடைக்கல."

"சரி. இப்ப உன் தரவை எடு" என்றார்.