கலமும் களமும்

எமது கல்லூரி உயிரியல் ஆய்வுகூடத்தின் மேற்கு யன்னலோரம் ஒரு நுணுக்குக்காட்டி இருந்தது. 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்ற பிறகு அதற்கு வெயில்தான் வெளிச்சம். கீழேயுள்ள ஆடியைத் திருப்பித் திருப்பி வெயிலைப் பிடிப்போம். முகில் மறைத்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம்.

1992 இல் நான் உயர்தர வகுப்பு. உயிரியல் சேர் சின்ன வெங்காயங்களை ஜாம் போத்தல் வாயில், அடி நீரில் முட்டும்படி வைத்திருந்தார். மூன்றாம் நாள் வெள்ளை வேர்கள் தொங்கின. நுனியில் இரண்டு மில்லிமீற்றர் நறுக்கி, அமிலத்தில் இளக்கி, போத்தலடியில் மிஞ்சியிருந்த அசெற்றோகாமைன் சாயத்தில் ஒரு துளி விட்டு, மெல்லிய கண்ணாடியால் மூடிப் பெருவிரலால் அழுத்தினோம். முதலில் செங்கல் அடுக்கியது போல, உயிரின் மிகச் சிறிய அலகுகளான கலங்கள் மட்டுமே தெரிந்தன. சேர் தட்டை மயிரளவு நகர்த்தினார். ஒரு கலத்தின் நட்டநடுவில், நூல் துண்டுகளை யாரோ வரிசையாகக் கிடத்தியது போலச் சிவப்பு நிறமூர்த்தங்கள். கலப்பிரிவில் நிறமூர்த்தங்கள் நடுவில் வரிசையாகும் கட்டம், அனுவவத்தை!

"எண்ணும்" என்றார். 14 வந்தது.

"வெங்காயத்துக்கு 16. இரண்டு அடியில் ஒளித்திருக்கிறது. திரும்ப எண்ணும்."

அந்த நூல்களுக்குள்தான் டீ.என்.ஏ இருக்கிறது. மனிதக் கலமொன்றில் உள்ளதை நீட்டினால் ஏறத்தாழ 2 மீற்றர் வரும் என்றபோது கடைசி வாங்கில் இருந்தவர்களும் நிமிர்ந்தார்கள். அதன் எழுத்துகள் நான்கு: அடினினுக்கு எதிரே தயமின், குவானினுக்கு எதிரே சைற்றோசின். இரண்டு புரிகளில் ஒன்று கையில் இருந்தால் மற்றதை எழுதிவிடலாம். கலம் பிரியுமுன் இரண்டாம் பிரதி உண்டாவதும் அப்படித்தான்.

புரதத்தின் கதைக்கு அவர் காணி உறுதிப் பத்திரத்தை எடுத்தார். கலத்தின் கரு என்பது உறுதி எழுதும் நொத்தாரிசுவின் இரும்புப் பெட்டி. மூல உறுதி வெளியே வராது. வேண்டிய பகுதிக்கு மட்டும் ஆர்.என்.ஏ என்ற பிரதி வெளியே போகும். கலத்தினுள் இருக்கும் இறைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாக வாசித்து அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்கும். இதைவிடத் தெளிவாக இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

"எல்லாக் கலத்திலும் முழு உறுதியும் இருந்தால் கண்ணில் ஏன் நகம் முளைப்பதில்லை, சேர்?" என்று நண்பன் ஒருவன் கேட்டான்.

"தனக்கு வேண்டிய பக்கத்தைத்தான் கலம் திறக்கும். மற்றவை பூட்டியிருக்கும்."

"யார் பூட்டுவது?"

"அதற்கு நான் படித்தது போதாது. நீங்கள் படித்து எனக்குச் சொல்லுங்கள்."

என் செய்முறைக் கொப்பியில் கலம் என்று வரவேண்டிய இடமெல்லாம் 'களம்' என்று எழுதியிருந்தேன். ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் திருத்தியிருந்தார். ஓரெழுத்துத்தானே என்று முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. அடுத்த பாடம் முழுவதும் அரிவாட்கலச் சோகை. குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் புரதமான ஈமோகுளோபினின் பீட்டாச் சங்கிலிக்கான பரம்பரையலகில் (மரபணுவில்) ஓர் அடினின் இருக்கவேண்டிய இடத்தில் தயமின். ஆறாவது அமினோ அமிலம் குளுற்றாமிக் அமிலம் அல்ல, வலீன். ஒட்சிசன் குறையும்போது அந்த ஈமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாராகின்றன; செங்குழியம் அரிவாளாக வளைந்து சிறு குழாய்களை அடைக்கிறது. ஓரெழுத்துத்தான்.

கொப்பி 1995 இடப்பெயர்வோடு போயிற்று. இருபது ஆண்டுகளாக இலண்டனில் மருத்துவமனை ஒன்றின் குருதி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். அரிவாளாக வளைந்த செங்குழியங்களைப் பார்க்காத வாரம் இல்லை. அந்த நோவில் துடிக்கும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

2023 நவம்பரில் இந்நோய்க்கான மரபணுத் திருத்தச் சிகிச்சையை உலகில் முதன்முதலாகப் பிரித்தானியா அனுமதித்தது. அது பிழையான எழுத்தைத் தொடுவதே இல்லை. கருப்பையில் இருக்கும்போது நமக்கு வேறோர் ஈமோகுளோபின் உண்டு. பிறந்து சில மாதங்களில் அந்தப் பக்கம் பூட்டப்படுகிறது. நோயாளியின் குருதியை உண்டாக்கும் முதற்கலங்களை வெளியே எடுத்து, அந்தப் பூட்டைத் தளர்த்தி, உடலுக்குள் திரும்பச் செலுத்துகிறார்கள். மூடிய பக்கம் மீண்டும் திறக்கிறது.

அன்றிரவே சேருக்குத் தொலைபேசி எடுத்தேன். குரல் நன்றாகத் தளர்ந்திருந்தது. அரைமணி நேரம் குறுக்கிடாமல் கேட்டார்.

"பூட்டுவது யார் என்று அன்று கேட்டீர்களே. பெயர் இருக்கிறதா?"

"இந்தப் பக்கத்தைப் பூட்டுவது ஒரு புரதம், சேர். பீ.சீ.எல். 11 ஏ."

"கொஞ்சம் பொறும், பேனை எடுக்கிறேன். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லும்."