ஆறு வயதில் வரும் கடைவாய்ப்பல்லை அடையாளம் காணுங்கள்

தருமபுரி மாவட்டத்தில் ஒரு சிறிய பல் மருத்துவமனையை நடத்திவருகிறேன். நான் பிடுங்க நேரும் பற்களில் என் மனத்தை மிகவும் வருத்துவது, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் கீழ்த்தாடையில் இருக்கும் முதல் கடைவாய்ப்பல்தான். பாதிக்கு மேல் கரைந்து, வேர்கள் மட்டும் மிஞ்சிய நிலையில் அந்தப் பல்லோடு வருகிறார்கள். உடன் வரும் பெற்றோர், "பால் பல்லுதானுங்க டாக்டர், எடுத்துட்டீங்கன்னா புதுசா முளைச்சிடுமுங்க" என்று நம்பிக்கையோடு சொல்கிறார்கள். அது பால் பல் அன்று. அந்த இடத்தில் இனி எந்தப் பல்லும் முளைக்காது என்று சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த ஒரு பல்லைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்களின் நடுவிலிருந்து எண்ணினால், மேலும் கீழும் ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்தைந்து பற்கள் இருக்கும். குழந்தைக்கு ஆறு வயதாகும் சமயத்தில், எந்தப் பால் பல்லும் அதற்காக விழாமலேயே, ஐந்தாவது பல்லுக்குப் பின்னால் ஈற்றைப் பிளந்துகொண்டு ஆறாவதாக ஒரு பல் எட்டிப்பார்க்கும். அதுதான் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். விழுந்த முன்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியும் வீடுகளில்கூட, அதே மாதங்களில் ஓசையில்லாமல் பின்னால் முளைத்த இந்தப் பல்லை யாரும் கவனிப்பதில்லை. உங்கள் பிள்ளைக்கு ஆறு அல்லது ஏழு வயது என்றால், இன்றே நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி நடுவிலிருந்து எண்ணிப் பாருங்கள். ஆறாவது பல் தெரிந்தால், ஆயுள் முழுக்க மென்று சாப்பிட வேண்டிய பல் வந்துவிட்டது என்று பொருள்.

இந்தப் பல் விரைவில் சொத்தையாவதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. அதன் மேற்பரப்பில் உள்ள ஆழமான பள்ளங்களில் பல, பிரஷ்ஷின் ஒற்றை இழைகூட நுழைய முடியாத அளவுக்குக் குறுகலானவை. முளைக்கத் தொடங்கியபின் பக்கத்துப் பல்லின் உயரத்தை எட்ட அதற்குப் பல மாதங்கள் ஆகும்; அதுவரை அது தாழ்ந்தே நிற்பதால், பிள்ளை எவ்வளவு நேரம் தேய்த்தாலும் பிரஷ் முன்னால் உள்ள பால் பற்களின்மேல் வழுக்கிப் போகுமே தவிர அதைத் தொடுவதில்லை. புதிதாக வந்த பல்லின் வெளி உறையான எனாமலும் முழு உறுதி பெறுவதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கும். அதோடு, பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளை தானே பல் தேய்த்துக்கொள்ளட்டும் என்று அம்மாவும் அப்பாவும் கையை எடுப்பதும் பெரும்பாலும் இதே வயதில்தான்.

பூச்சி அரித்துவிட்டது என்று சொல்கிறோம் அல்லவா, அப்படி அரிக்கும் பூச்சி எதுவும் பல்லுக்குள் இல்லை. பல்லின்மேல் படியும் வழவழப்பான படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள், நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் அமிலமாக மாற்றுகின்றன. பல் பரப்பில் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. பிறகு உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுக்களைத் திரும்பப் படிய வைக்கிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் தேவைப்படும். ஆகவே எவ்வளவு இனிப்புத் தின்றோம் என்பதைவிட ஒரு நாளில் எத்தனை தடவை தின்றோம் என்பதே முக்கியம். சாப்பாட்டோடு ஒரு லட்டைத் தின்றுவிட்டு வாய் கொப்பளிக்கும் பிள்ளையைவிட, மாலை முழுவதும் ஒவ்வொரு பிஸ்கட்டாகக் கொறித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் பல்தான் கூடுதலாகக் கெடும். பிஸ்கட் பள்ளங்களில் பசைபோல ஒட்டிக்கொள்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரவில் சர்க்கரை போட்ட பாலைக் குடித்துவிட்டு அப்படியே தூங்குவது நம் வீடுகளில் உள்ள பழக்கம். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடுவதால், அந்த நேரத்தில் பல்லுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. எனவே பாலைக் குடித்த பிறகுதான் பல் தேய்க்க வேண்டும். தேய்த்த பின் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாய்க்குள் போகக் கூடாது. காலையில் தேய்ப்பதை எல்லோரும் கட்டாயமாகக் கடைப்பிடிக்கிறார்கள், அது நல்லதுதான். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்று யாராவது கேட்டால், தயக்கமில்லாமல் இரவைத்தான் சொல்வேன்.

மென்மையான இழைகள் கொண்ட, தலை சிறிய பிரஷ் வேண்டும். குழந்தைக்கு ஏழு, எட்டு வயதாகும்வரை பெரியவர் ஒருவர் பின்னால் நின்று, தலையைத் தம்மீது சாய்த்துக்கொண்டு தேய்த்துவிடுவது நல்லது. புதிய கடைவாய்ப்பல் தாழ்ந்திருக்கும் மாதங்களில், பிரஷ்ஷை வாயின் ஓரத்திலிருந்து குறுக்காக உள்ளே நுழைத்து, அந்த ஒரு பல்லின்மேல் மட்டும் வைத்துச் சற்று நேரம் தனியே தேய்க்க வேண்டும். பற்பசையில் ஃபுளோரைடு இருக்க வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவும் அதன் பிறகு பட்டாணி அளவும் போதும். விளம்பரங்களில் வருவதுபோல் பிரஷ்ஷின் நீளத்துக்குப் பிதுக்கத் தேவையில்லை. தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். மடக் மடக்கென்று தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால், பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும்.

செங்கல் தூள், அடுப்புக்கரி, உப்பு, சொரசொரப்பான பற்பொடி ஆகியவற்றைக் கைவிடுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அவை பல்லை வெளுப்பாக்குவதுபோல் தோன்றினாலும் எனாமலைத் தேய்த்துவிடுகின்றன. தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது. ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் மோசமானவை அல்ல. நுனியை நன்றாக மென்று நார் பிரித்து மென்மையாகத் தேய்ப்பவர்களின் பற்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் பசையிலுள்ள ஃபுளோரைடு தரும் பாதுகாப்பைக் குச்சியால் தர முடியாது.

ஃபுளோரைடு என்றதும் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் பயப்படுவார்கள், அதில் நியாயம் உண்டு. இங்கே பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 மில்லிகிராம்வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் போனால், தாடைக்குள் பல் உருவாகும் ஆண்டுகளிலேயே எனாமல் பாதிக்கப்பட்டு, வெண்திட்டுகளும் பழுப்புக் கறையும் ஏற்படுகின்றன. இந்தக் கறை எனாமலுக்கு உள்ளேயே இருப்பதால் எவ்வளவு சுத்தம் செய்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது இந்தப் பாதிப்பைக் குறைப்பதற்காகவும்தான். அந்தக் குழாய்த் தண்ணீர் வருகிற வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள். துப்பத் தெரிந்த பிள்ளை பட்டாணி அளவு பசையால் தேய்ப்பதைப் பார்த்து அஞ்ச வேண்டாம்; விழுங்காமல் இருக்கிறதா என்று மட்டும் அருகில் நின்று பாருங்கள்.

ஆறாவது பல் முழுமையாக வெளிவந்ததும், வலி இல்லாதபோதே ஒருமுறை பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பள்ளங்கள் ஆழமாக இருந்தால் அவற்றைப் பிசின் போன்ற பொருளால் மூடிவிடலாம். இதற்கு சீலன்ட் என்று பெயர். ஊசி இல்லை, ராவுதல் இல்லை. பல்லைச் சுத்தம் செய்து, உலர்த்தி, ஒரு திரவத்தைத் தடவிக் கழுவி, மீண்டும் உலர்த்திப் பிசினை ஊற்றி, நீல வெளிச்சத்தைக் காட்டினால் இறுகிவிடும். ஒரு பல்லுக்குச் சில நிமிடங்களே ஆகும். என் தொழிலில் இதைவிட மனநிறைவு தரும் வேலை எனக்கு வேறில்லை.

அந்த முதல் வருகைக்கு முன் வீட்டில் ஒன்றைச் செய்யாமல் இருந்தால் பெரிய உதவி. "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுடுவேன்" என்று மிரட்டாதீர்கள். மருத்துவர் முதலில் செய்வதெல்லாம் நாற்காலியைச் சாய்த்து, விளக்கைப் போட்டு, சிறிய கண்ணாடியால் ஒவ்வொரு பல்லாகப் பார்ப்பதுதான். இரு பற்களுக்கு இடையிலோ எனாமலுக்கு அடியிலோ சொத்தை இருப்பதாகச் சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே எடுப்பார். பல்லுக்கு எடுக்கும் சிறிய எக்ஸ்ரேயில் கதிர்வீச்சு மிகக் குறைவு.

சொத்தை எனாமலிலோ அதற்கு அடுத்த அடுக்கின் மேற்பகுதியிலோ நின்றிருந்தால், அடைத்துவிடலாம். கெட்ட பகுதியை நீக்கும்போது கருவி கிறீச்சென்று ஒலிக்கும், தண்ணீர் தெறிக்கும், லேசான கூச்சம் இருக்கும். ஆழம் குறைவென்றால் பலருக்கு மரத்துப்போகும் ஊசிகூடத் தேவைப்படுவதில்லை. அடைத்து முடித்ததும் வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி, உயரமாக இருக்கும் இடத்தைச் சரிசெய்வார்கள். அந்தக் கட்டத்தில் கடி சரியாக இல்லையென்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள். சொல்லாமல் வீட்டுக்குப் போனால் அந்தப் பல் கடிக்கும்போதெல்லாம் வலிக்கும்.

சொத்தை, பல்லின் நடுவே நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள உள்கூழை எட்டிவிட்டால் நிலைமை வேறு. சூடோ குளிர்ச்சியோ பட்டபின் வலி நெடுநேரம் நிற்பது, இரவில் படுத்ததும் விண்விண்ணென்று தெறிப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். இந்த இடத்தில்தான் நம் மக்கள் மெடிக்கலுக்குப் போய் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள், அல்லது கிராம்பை நசுக்கிப் பல்லில் அடைக்கிறார்கள். கிராம்புத் தைலம் சற்று நேரம் வலியை மரக்கச் செய்யும்; அதிகமாக வைத்தால் ஈறு வெந்துபோகும். சில நாட்களில் வலி தானாக நின்றுவிட, பல் சரியாகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். உண்மையில் உள்ளேயிருந்த நரம்பும் இரத்தக்குழாயும் செத்துப்போனதால் வலி நின்றிருக்கிறது. இரத்தம் போகாத இடத்துக்கு ஆன்டிபயாடிக் மருந்தும் போய்ச் சேராது. கிருமிகள் வேரின் நுனி வழியே எலும்புக்கு இறங்கிச் சீழ் கட்டுகின்றன. முகம் வீங்கிக் காய்ச்சல் அடிப்பது, வாயைத் திறக்க முடியாமல் போவது, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்படுவது, வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் பரவுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே, அந்த மணியே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்த நிலைக்குப் போகுமுன் வேர் சிகிச்சையால் பல்லைக் காப்பாற்றலாம். ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, மெல்லிய கம்பி போன்ற கருவிகளால் வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து அடைப்பதுதான் ரூட் கெனால். ஒரே நாளிலோ இரண்டு மூன்று வருகைகளிலோ முடியும். அதன்பின் சில நாட்கள் கடிக்கும்போது லேசாக வலிக்கலாம். பெரியவர்களின் கடைவாய்ப்பல்லாக இருந்தால் பெரும்பாலும் பல்லை மூடிக் காக்கும் கேப் போட வேண்டியிருக்கும். செலவை நினைத்து அதைத் தள்ளிப்போட்டுப் பல் பிளந்தபின் வருகிறவர்கள் பலர். முதல் கடைவாய்ப்பல்லின் வேர் நுனி ஒன்பது, பத்து வயதில்தான் மூடுகிறது என்பதால், அதற்கு முன்பே கெட்டுப்போன பல்லுக்குச் சிகிச்சை முறை மாறும், வருகைகளும் கூடும்.

பிள்ளையோடு வரும் பெரியவர்களிடம் பல் சுத்தம் செய்துகொள்ளச் சொன்னால், "பல்லு ஆடிப்போயிடுமாமே" என்கிறார்கள். கல்போல் இறுகிய காரைதான் ஈற்றையும் எலும்பையும் அரித்துப் பல்லை ஆட வைக்கிறது. அதை எடுத்தபின் இடைவெளி தெரிவதால், எடுத்ததால்தான் ஆடுகிறது என்று தோன்றுகிறது. தேய்க்கும்போது ஈற்றில் இரத்தம் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடாமல் மென்மையாகத் தேய்க்க வேண்டும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும்.

எல்லாம் கைமீறிப் பிடுங்கத்தான் வேண்டும் என்றால், மரத்துப்போன பிறகு அழுத்தம் தெரியும், கூர்மையான வலி தெரியக் கூடாது. தெரிந்தால் கையை உயர்த்துங்கள், மருத்துவர் நிறுத்துவார். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது உண்மையல்ல. பார்வை நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கு எடுக்கும் ஊசி, இதய வால்வு அறுவைச் சிகிச்சை, கர்ப்பம், ஏதாவது மருந்துக்கு ஒவ்வாமை ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

பிடுங்கியபின் வைத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். அன்று முழுவதும் துப்புவது, கொப்பளிப்பது, உறிஞ்சுகுழாயில் குடிப்பது, சூடான காபி, புகைபிடித்தல் எதுவும் கூடாது. குழியில் உறைந்த இரத்தம்தான் புண்ணுக்கு மூடி. உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும் என்பதால், பிள்ளைகள் அதைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புநீரால் மெல்லக் கொப்பளிக்கலாம். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகு குறைவதற்குப் பதிலாகக் காதுவரை பரவி அதிகமானால், உறைந்த இரத்தம் பெயர்ந்து எலும்பு வெளித்தெரிகிறது என்று பொருள். வலி மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகாமல் அதே மருத்துவரிடம் திரும்பப் போய்க் காட்டுங்கள், குழியைக் கழுவி மருந்து வைப்பார்.