கால் தரையில் படணும்

ஆட்டோவுக்குப் புது சீட் போட வருகிறவர்கள் எங்கள் கடையில் முதலில் சொல்வது, "நல்லா புஸ்ஸுன்னு இருக்கணுங்கண்ணா" என்பதுதான். கையால் அமுக்கினால் உள்ளே போய் மெதுவாக மேலே வரவேண்டும். சிவப்பும் கறுப்புமாக ரெக்சின், நடுவில் டைமண்ட் தையல், ஓரத்தில் வெள்ளை பைப்பிங். நானும் பல வருடம் கேட்டபடியே தைத்துக் கொடுத்தேன். இப்போது கொடுப்பதில்லை. அதற்குக் காரணம் ஒரு வயதான ஆயா.

குஷன் வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் ஆட்டோ ஓட்டினேன். 1998-ல் பேட்ஜ் எடுத்தேன். 2007 வரை சேலம் ஜங்ஷனுக்கும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில்தான் பிழைப்பு. இடுப்பு வலி தாங்காமல் வண்டியை விற்றுவிட்டு, அம்மாபேட்டையில் ஒரு மாஸ்டரிடம் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். ஒன்பது வருடம் ஓட்டியவனுக்குப் பின்சீட்டில் வருகிறவரின் கஷ்டம் தெரிந்திருக்கும் என்று நினைப்பீர்கள். எனக்குத் தெரியவில்லை. டிரைவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இருக்கிறது, ஊன்றிக்கொள்ள பிரேக் பெடல் இருக்கிறது, பள்ளம் வருவது இரண்டு நொடி முன்னாலேயே கண்ணில் படுகிறது. பின்னால் இருப்பவருக்கு இது எதுவும் கிடையாது. வண்டி குலுங்கிய பிறகுதான் அவருக்குப் பள்ளம் என்றே தெரியும்.

மூன்று சக்கர வண்டியின் குணமே தனி. காரில் போகும்போது சின்னப் பள்ளம் வந்தால் சக்கரங்களுக்கு நடுவில் விட்டுப் போய்விடலாம். பைக்கில் ஒதுங்கிப் போகலாம். ஆட்டோவில் பள்ளத்தை நடுவில் விட்டால் முன்சக்கரம் இறங்கும். முன்சக்கரத்தைக் காப்பாற்றினால் பின்சக்கரத்தில் ஒன்று இறங்கும். ரோட்டில் மூன்று தடம் போட்டுக்கொண்டு போகிற வண்டி அது. சக்கரமும் சின்னது, நம் ஊரில் அதிகமாக ஓடுகிற வண்டிகளில் 8 இஞ்ச் ரிம்தான். பெரிய சக்கரம் தாண்டிவிடுகிற குழியில் இந்தச் சக்கரம் முழுசாக இறங்கித்தான் ஏறும். ஐந்து ரோடு மேம்பாலத்தை 2020-ல் திறந்தார்கள். அதற்கு முன், வேலை நடந்த வருடங்களில் அந்தப் பக்கம் ஓடிய வண்டிகளின் சீட்டைப் பிரித்தால் கதை தெரியும். இடது ஓரத்தில் பிளைவுட் பிளந்திருக்கும், ஃபோம் நசுங்கிப் பொடிப்பொடியாகக் கொட்டும். நடுவில் இருக்கிற ஃபோம் மட்டும் போட்ட மாதிரியே இருக்கும்.

அந்த நடு இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பின்சீட் இருப்பது கிட்டத்தட்ட பின்சக்கரங்களுக்கு மேலேயே. ஒரு சக்கரம் மேட்டில் ஏறி அந்தப் பக்கம் 2 இஞ்ச் தூக்கினால், அந்த ஓரத்தில் இருப்பவருக்கு முழு 2 இஞ்சும் தூக்கிப் போடும். நடுவில் இருப்பவருக்கு அதில் பாதிதான். பெரியாஸ்பத்திரி வாசலில் பார்த்தால், ஆபரேஷன் முடிந்து வருகிறவரையும் மாசமான பெண்ணையும் காற்று வரட்டும் என்று ஓரத்தில் உட்கார வைத்து, துணைக்கு வந்தவர் நடுவில் உட்கார்ந்து பையைப் பிடித்துக்கொண்டிருப்பார். அன்பில் செய்வதுதான். ஆனால் நோயாளியை நடுவில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் ஆள் அணைத்துக்கொண்டு போனால் பாதிக் குலுக்கல் குறையும். தெரிந்த டிரைவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆயா விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கடையில் சீட் போட்டுப் போன ஒரு தம்பியின் வண்டி. நான்தான் தைத்தேன், நன்றாக உப்பலாக. கண் பரிசோதனைக்கு ஒரு ஆயாவைத் தனியாக ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். குறுக்கே ஒரு சைக்கிள் வந்ததும் பிரேக் போட்டிருக்கிறார். வேகமும் இல்லை, பெரிய பிரேக்கும் இல்லை. ஆயா சீட்டிலிருந்து அப்படியே வழுக்கி, முட்டி போட்ட மாதிரி கீழே இறங்கிவிட்டார். கையை ஊன்றப் போய் முன்கம்பியில் அடித்து மணிக்கட்டில் எலும்பு விரிசல்.

அந்தத் தம்பி என்னைக் குறை சொல்ல வரவில்லை. "சீட்டு வழுக்குதுங்கண்ணா, ரெக்சினை மட்டும் மாத்திக் குடுங்க" என்றுதான் வந்தார். என் மனைவி அப்போது சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். சும்மா ஏறி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். இரண்டு காலும் ஊஞ்சலில் இருப்பது போல அந்தரத்தில் தொங்கின. டேப்பை எடுத்து அளந்தேன். தரையிலிருந்து சீட்டின் முன் விளிம்பு வரை 17 இஞ்ச். அவளுக்குக் குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை பதினாலரை. அந்த இரண்டரை இஞ்சும் அழகுக்காக நான் ஏற்றி வைத்த ஃபோம்.

மறுநாள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆயா வீட்டுக்குப் போனேன். மாவுக்கட்டோடு திண்ணையில் இருந்தார். சீட் தைத்தவன் நான்தான் என்று சொன்னேன். "நீ என்ன கண்ணு பண்ணுவ, மெத்தையாட்டந்தான் இருந்துச்சு. புடிமானந்தான் இல்ல" என்றார். வேறு யாரும் அவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க முடியாது.

ஆட்டோவில் பயணிக்கு பெல்ட் கிடையாது. பெல்ட் செய்கிற வேலையைப் பயணியின் உடம்பேதான் செய்துகொள்ள வேண்டும். பாதம் தரையில் அழுந்தியிருந்தால் பிரேக் போடும்போது கால் தாங்கும். முதுகு சாய்மானத்தில் படிந்திருந்தால் இடுப்பு நகராது. கைக்கு ஒரு கம்பி எட்டினால் மீதியைக் கை பார்த்துக்கொள்ளும். கால் தொங்கிவிட்டால் மற்ற இரண்டும் சேர்ந்தும் போதாது. காலுக்குப் பிடிப்பில்லாதவர் முதுகைச் சாய்க்க மாட்டார், கால் எட்டட்டும் என்று சீட்டின் நுனிக்கு வந்துவிடுவார். நுனியில் ஃபோம் மெத்தென்று இருந்தால் அது முன்பக்கமாக அமுங்கி, சறுக்குமரம் மாதிரி ஆகிவிடும். ஆயாவுக்கு நடந்தது இதுதான்.

அதற்குப் பிறகு என் அளவுகளை எல்லாம் மாற்றினேன். முன் விளிம்பு உயரம் பதினாலரை இஞ்ச், அதற்கு மேல் யார் கேட்டாலும் இல்லை. பின்பக்கம் அதைவிட ஒன்றரை இஞ்ச் இறக்கம், உட்கார்ந்தால் இடுப்பு தானாகப் பின்னால் போய் உட்காரும். ஆழம் 17 இஞ்ச். இன்னும் நீளமாக விட்டால் குட்டையானவர்களுக்கு முதுகு எட்டாது. அடியில் பிளைவுட், அதன் மேல் 1 இஞ்ச் ரீபாண்டட், அது கழிவு ஃபோமை அரைத்து அழுத்திச் செய்கிற கெட்டி ஷீட். அதற்கு மேல் 40 டென்சிட்டி, அதாவது நெருக்கமான கெட்டி ரக ஃபோம் 2 இஞ்ச், எல்லாவற்றுக்கும் மேலே அரை இஞ்ச் மெதுவான ஃபோம். முன் ஓரத்தில் மூன்று விரற்கடை அகலத்துக்கு முழுக்க ரீபாண்டட் பட்டைதான். கையால் அமுக்கிப் பார்த்தால் கட்டையாக இருக்கிறது என்பார்கள். உட்கார்ந்து அரைமணி நேரம் போன பிறகு அப்படிச் சொன்னவர் இதுவரை இல்லை. ரொம்ப மெதுவான ஃபோம் முதல் குலுக்கலிலேயே அடிவரை அமுங்கிவிடும். இரண்டாவது குலுக்கல் நேராகப் பிளைவுட்டிலிருந்து முதுகெலும்புக்குத்தான் போகும்.

ரெக்சினிலும் பளபளப்பு இருக்கக்கூடாது. பாலியஸ்டர் சேலைக்கு பளபள ரெக்சின் எண்ணெய் தடவிய மாதிரி. சொரசொரப்பான மேட் ரகம் போடுகிறேன், முடிந்தால் வெளிர் நிறம். சித்திரை வெயிலில் கறுப்பு சீட் கொதிக்கும், தொடையில் பட்டதும் ஆள் எழுந்து நுனிக்கு வந்துவிடுவார். மறுபடியும் அதே நுனி.

சாய்மானத்துக்குப் பின்னால் ஸ்பீக்கர் பாக்ஸ் வைத்துத் தரச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டு கேட்பது அவர்கள் இஷ்டம். ஆனால் தலை படுகிற உயரத்தில் மரப்பெட்டியின் கூர்மூலை இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கீழே இறக்கி, மூலையை ராவி, ஃபோம் சுற்றித்தான் கொடுப்பேன். டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிற கம்பிக்கும் அப்படித்தான், ஃபோம் வைத்து ரெக்சின் சுற்றுகிறேன். அதில் ஒன்று கவனிக்க வேண்டும்: தடிமனாகச் சுற்றினால் வயதானவர்களின் விரல் முழுசாக மடங்காது. கை சுற்றிப் பிடிக்கிற அளவுக்கு மெல்லியதாகச் சுற்ற வேண்டும். அலங்காரத்துக்குப் போடுகிற ஸ்டீல் பூக்களும் ஈட்டி முனைகளும் எங்கள் கடையில் கிடையாது.

கிடையவே கிடையாது என்று நான் மறுக்கிற இன்னொன்று, டிரைவர் சீட்டை இரண்டு பக்கமும் அகலப்படுத்துவது. எதற்கென்று எல்லோருக்கும் தெரியும், பக்கத்தில் ஒரு ஆளை ஏற்ற. கேட்டு வருகிறவர்களுக்கு என் கடையில் கிடக்கும் முக்காலியைக் காட்டுவேன். முக்காலியின் நடுவில் உட்கார்ந்தால் அது அசையாது. இரண்டு கால்களுக்கு நடுவே, கால் இல்லாத ஓரத்தில் எடையைப் போட்டுப் பாருங்கள், உடனே சாயும். ஆட்டோவும் முன்னால் ஒரு கால், பின்னால் இரண்டு கால். எடை பின்பக்கம் இருக்கிற வரைக்கும் இரண்டு சக்கரமும் அகலமாக ஊன்றிக்கொண்டு தாங்கும். டிரைவர் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தால் எடை முன்னாலும் வருகிறது, ஓரத்துக்கும் வருகிறது. அங்கே கீழே சக்கரமே இல்லை. அந்த நிலையில் திருப்பத்தில் பிரேக் வேறு போட்டால் எடை முழுக்க அந்த மூலையைப் பார்த்துத்தான் ஓடும். ஓட்டின காலத்தில் நானும் ஆள் ஏற்றியிருக்கிறேன். அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் ஒரு நாள் பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழுந்து இறங்கியது. அன்றைக்கு விட்டேன்.

ஸ்கூல் சவாரிக்காரர்கள் டிரைவர் முதுகுக்குப் பின்னால் குறுக்குப் பலகை போடச் சொல்வார்கள், நாலு பிள்ளைகளைக் கூடுதலாக உட்கார வைக்க. அதையும் செய்வதில்லை. வேறு இடத்தில் போட்டுக்கொள்கிறார்கள் என்பது தெரியும், என் கை போடாது. அதற்குப் பதிலாக, பிள்ளைகள் கால் வைக்க 5 இஞ்ச் உயரத்தில் ஒரு மிதிபலகை செய்து தருகிறேன். பதினாலரை இஞ்ச் பெரியவர்களுக்குத்தான் சரி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அதுவும் அந்தரம்தான். பெரியவர்கள் ஏறும்போது பலகையை மடக்கி வைத்துக்கொள்ளலாம். கூலி வாங்குவதில்லை, மரத்துக்கு மட்டும் காசு.

ஏற்காடு அடிவாரத்திலிருந்து ஒரு அண்ணன் வந்தார். மலை ரோட்டில் அவ்வப்போது சவாரி போகிறவர். 20 கொண்டை ஊசி வளைவு. வளைவில் திரும்பும்போது ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து, ஓரத்தில் இருப்பவர் வெளியே தள்ளப்படுவது போலப் பயப்படுகிறார்கள் என்றார். இறக்கத்தில் கியரைக் குறைத்து வைத்துத்தான் இறங்குவாராம். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடாகி பிரேக் பிடிக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படிப்பட்டவருக்கு வேலை செய்வது சந்தோஷம். ஒரே பட்டையாக இருக்கிற சீட்டை மூன்று ஆளுக்கான மூன்று தாழ்வாகப் பிரித்து, நடுவில் அரை இஞ்ச் மேடு வைத்துத் தைத்தேன். அரை இஞ்ச்தான், பார்த்தால் தெரியாது. உட்கார்ந்தால் இடுப்பு அதில் பொருந்தி நிற்கும். இடது வாசல் ஓரத்தில் கை எட்டுகிற இடத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கம்பியும் பொருத்தினோம். ஏறி இறங்கவும் உதவும், வளைவில் பிடிக்கவும் உதவும்.

இப்போது எலக்ட்ரிக் வண்டிகள் நிறைய வருகின்றன. இஞ்சின் அதிர்வு இல்லை, சூடு இல்லை, இடுப்புக்கு நல்லது. ஆனால் பெட்ரோல் வண்டியில் கிளம்புவதற்கு முன் இஞ்சின் உறுமும், பின்னால் இருப்பவர் தன்னை அறியாமலே கம்பியைப் பிடித்துக்கொள்வார். இதில் சத்தமில்லாமல் சட்டென்று இழுக்கிறது. சில வண்டிகளில் ஆக்சிலேட்டரை விட்ட உடனே பிரேக் போட்ட மாதிரி வேகம் குறைகிறது, ஆள் முன்னால் வருகிறார். கிளம்பும்போது "போலாங்களா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

போன மாதம் ஒரு பொண்ணு கடன் வாங்கி எடுத்த புது எலக்ட்ரிக் வண்டியோடு வந்தது. கூட அதன் அம்மா. ஃபோம் அடுக்கி, ரெக்சினை மேலே போர்த்தி, ஸ்டேப்ளர் அடிப்பதற்கு முன் அந்த அம்மாவை ஏறி உட்காரச் சொன்னேன். கூச்சப்பட்டுக்கொண்டே உட்கார்ந்தார். நான் குனிந்து பாதத்தைப் பார்த்தேன். விரல் பட்டது, குதிகால் படவில்லை. இறங்கச் சொல்லி, மேல் ஃபோமை உருவி எடுத்துவிட்டு மறுபடியும் உட்காரச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்திப் பார்த்தார். பிறகு கையை நீட்டி முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, மகளைப் பார்த்து, "இப்ப எடு கண்ணு" என்றார்.