பில்பாவோவில் 25 என்றுதான் எண்ணுவார்கள்

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள பில்பாவோவில் குடியேற வருகிற நம்மவர்களிடம் நான் சொல்வது இதுதான். வாடகை ஒப்பந்தம், மாநகராட்சியில் முகவரிப் பதிவு எல்லாம் முடித்த கையோடு, இந்த ஊர்க் கால்பந்து அணியான அத்லெடிக் கிளப்பின் கோப்பைக் கதையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். தட்டுத்தடுமாறி ஸ்பானிஷ் பேசுகிற உங்களோடு அக்கம்பக்கத்தார் அரை மணி நேரம் நின்று பேச, இந்த ஊரில் அதைவிட நல்ல வழி இல்லை.

எனக்கு அந்தக் கதையைச் சொன்னவர் கீழ் வீட்டுப் பெரியவர். ஸ்பெயினில் லீக் தொடங்கியது 1929-இல்தான். அரசர் கோப்பையான கோபா தெல் ரெய் 1903-லேயே வந்துவிட்டது. அந்த முதல் கோப்பை அத்லெடிக்குக்கு. அதற்கும் முந்தைய ஆண்டு, பதின்மூன்றாம் அல்போன்சோ முடிசூடியதை ஒட்டி தலைநகர் மாட்ரிடில் ஒரு போட்டி நடந்தது. பில்பாவோவின் இரண்டு கிளப்புகள் சேர்ந்து 'விஸ்காயா' என்ற பெயரில் ஆடி, இறுதியில் பார்சிலோனாவை 2-1 என வென்றன. கால்பந்து சங்கம் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் இன்று சங்கத்தின் ஏட்டில் அத்லெடிக்குக்கு 24, ஊர்க்காரர்கள் வாயில் 25. நானும் 25 என்றுதான் சொல்கிறேன். ஆடி வென்றவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தானே.

சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சியில் கோப்பைக்கு அவருடைய பட்டப்பெயரைச் சூட்டி 'ஹெனராலிசிமோ கோப்பை' ஆக்கினார்கள். கிளப்பும் 'அத்லெடிக்' என்ற ஆங்கிலப் பெயரை விட்டு 'அத்லெதிகோ' ஆக வேண்டியிருந்தது. அந்தக் காலத்து ஆட்டக்காரரான தெல்மோ சார்ரா இந்தக் கோப்பையில் அடித்த 81 கோல்தான் இன்றும் சாதனை. மெஸ்ஸியாலும் அதைத் தொட முடியவில்லை. ஆனால் பெரியவர் முகம் மலர்வது 1958-ஐச் சொல்லும்போது. புகழ்பெற்ற வீரர் தி ஸ்தெஃபானோ ஆடிய ரியல் மாட்ரிட், ஐரோப்பியக் கோப்பையை வென்ற கையோடு, தன் சொந்த மைதானத்திலேயே இறுதி ஆட்டத்துக்கு வந்தது. அத்லெடிக் 2-0 என வென்றது. 'பதினொரு கிராமத்தான்கள்' என்று அந்த அணியை இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள்.

அப்புறம் 1984-இல் ஒரு கோப்பை. அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் கோப்பை வரவில்லை. ஆறு இறுதி ஆட்டங்களில் தோல்வி. கொரோனாவால் தள்ளிப்போன 2020 இறுதியும் 2021 இறுதியும் இரண்டே வார இடைவெளியில், ஆளில்லாத மைதானத்தில் நடந்தன, இரண்டிலும் தோல்வி. தோற்ற மறுநாளும் பால்கனியில் சிவப்பு வெள்ளைக் கொடியை அவிழ்க்காத ஊர் இது. அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

2024 ஏப்ரல் 6, செவில்லாவில் மல்லோர்காவோடு இறுதி. 1-1 சமநிலை, பெனால்டியில் 4-2 என வெற்றி. அந்த வியாழக்கிழமை வீரர்களை 'கபார்ரா' என்ற பழைய சரக்குப் படகில் ஏற்றி ஆற்றில் கொண்டுவந்தார்கள். சுமார் மூன்றரை லட்சம் பேர் வாழும் ஊருக்கு, அன்று ஆற்றின் இரு கரையிலும் பத்து லட்சம் பேர் வந்ததாகச் சொன்னார்கள். நாங்களும் குடும்பத்தோடு போய் நின்றோம். பக்கத்தில் நின்ற பாட்டி என் மகனைத் தூக்கித் தன் மகன் தோளில் உட்கார வைத்தார்.

என் மகனுக்குப் பிடித்தவர்கள் அத்லெடிக் வீரர்களான வில்லியம்ஸ் சகோதரர்கள். பாஸ்க் நாட்டில் பிறந்தவர்கள் அல்லது இங்கேயே ஆடி வளர்ந்தவர்கள் மட்டும்தான் அத்லெடிக்கில் ஆடலாம். இன்யாக்கி, நிக்கோ இருவரின் பெற்றோர் கானாவிலிருந்து சஹாரா பாலைவனத்தைக் கடந்து வந்தவர்கள். பிள்ளைகள் இந்த மண்ணில் பிறந்தார்கள். அந்த ஆண்டு காலிறுதியில் இன்யாக்கி ஆப்பிரிக்கக் கோப்பையில் கானாவுக்கு ஆடிவிட்டுத் திரும்பிய கையோடு களம் இறங்கி, கூடுதல் நேரத்தில் பார்சிலோனாவுக்கு எதிராக கோல் அடித்தார். அடுத்ததை நிக்கோ அடித்தார். ஆட்டம் 4-2. வந்தேறி வீட்டுப் பிள்ளைகளின் பெயரை ஊரே சேர்ந்து கூவியதைக் கேட்டபோது, என் பிள்ளையும் இங்கே வேர்விட முடியும் என்ற தைரியம் எனக்கு வந்தது.

அவன் இப்போது பள்ளி அணியில் ஆடுகிறான். கோயம்புத்தூரில் இருக்கும் அவன் மாமா தீவிர பார்சிலோனா ரசிகர். 2025-இல் பார்சிலோனா ரியல் மாட்ரிடை 3-2 என வென்றதும் உடனே அழைத்து, "டேய், எங்களுக்கு 32 ஆச்சு, உங்களுக்கு?" என்றார். "25, மாமா. ஆனா உங்க டீம்ல நான் ஆட முடியுமான்னு தெரியாது, இங்க முடியும்" என்றான்.