வார் பிக்ஸ்

நைட்டு தூக்கம் வராம பிளாக் சபாத்ங்கிற இங்கிலாந்து மெட்டல் பேண்டோட வார் பிக்ஸ் பாட்டைப் போட்டேன், அந்த சைரன் சத்தம் ஆரம்பிச்ச உடனே இன்னும் உடம்பு சிலிர்க்குதுங்க. 1970ல வியட்நாம் போர் நடந்துட்டு இருக்கும்போது பர்மிங்காம் தொழிலாளி வீட்டுப் பசங்க நாலு பேரு போட்டது, வரிகள் பாஸ் கிட்டார் வாசிச்ச கீசர் பட்லர், போரை ஆரம்பிச்சு விட்டுட்டு அரசியல்வாதி ஒளிஞ்சுக்குறான் சாகுறது ஏழை வீட்டுப் பையன்னு நேராவே கேட்டுட்டாங்க. ஆல்பத்துக்கே இந்தப் பேருதான் வைக்கிறதா இருந்துச்சு, கம்பெனிக்காரன் பாரனாய்ட்னு மாத்திட்டான், அட்டையில மட்டும் கத்தியும் கேடயமுமா ஒருத்தன் சம்பந்தமே இல்லாம நிக்கிறான் பாவம் 😂 ஃபெய்த் நோ மோர்ங்கிற ராக் பேண்டுல இருந்து ராப் பாடுற டீ-பெயின் வரைக்கும் இதைப் பாடிட்டாங்க. 2025 ஜூலை 5, பர்மிங்காம் வில்லா பார்க் ஸ்டேடியத்துல நடந்த கச்சேரில சபாத்தோட பாடகர் ஓஸி ஆஸ்போர்னால எந்திரிச்சு நிக்க முடியல, சேர்ல உக்காந்துதான் பாடுனாரு, சபாத் செட்டுல முதல் பாட்டே இதுதான். அடுத்த பதினேழாவது நாள் போயிட்டாரு மனுஷன்.