பிஎல்பிபி ஆன்டிபாடியைச் சோதித்தல்: ஆய்வகக் குறிப்புகள்

3 மார்ச் 2025, திங்கள்

மூளையில் கொழுப்பமிலங்களைப் பிடிக்கும் புரதம் பிஎல்பிபி. அதற்கு முயலில் உண்டாக்கிய பாலிகுளோனல் (பல வகை ஆன்டிபாடிகளின் கலவை) ஆன்டிபாடி வந்தாயிற்று. 10 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து −20 டிகிரியில் வைத்தோம். திரும்பத் திரும்ப உறைந்து உருகினால் திரண்டுபோய், ஸ்லைடில் புள்ளி புள்ளியாக விழும்.

எஃப்ஏபிபி7 என்பதும் இதே புரதம்தான். 132 அமினோ அமிலம், சுமார் 15 கிலோடால்டன். டிஎச்ஏ (ஒமேகா-3 வகை) போன்ற கொழுப்பமிலங்களைப் பிடிக்கும். வளரும் மூளையில் ரேடியல் கிளையாவுக்கு (நியூரான்களை ஈன்று, அவற்றுக்கு வழிகாட்டும் நீள இழைச் செல்கள்) நல்ல அடையாளம். ஆனால் அதே குடும்பத்துப் புரதங்களான எஃப்ஏபிபி3, எஃப்ஏபிபி5 இரண்டும் மூளையில் உண்டு, எடையும் கிட்டத்தட்ட அதேதான். 15 கிலோடால்டனில் ஒற்றைக் கோடு விழுந்தால் மட்டும் ஆன்டிபாடி சரி என்றாகாது.

5 மார்ச், புதன்

வெஸ்டர்ன்: புரதங்களை ஜெல்லில் எடைப்படி பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் காணும் சோதனை. மூன்று புரதங்களையும் தனித்தனியே, ஒரே ஃப்ளாக் டேகுடன் (அளவை ஒப்பிட உதவும் சிறு அடையாளத் துண்டு), ஹெக் 293 என்ற மனிதச் செல்களில் உண்டாக்கி அருகருகே ஓட்டினோம். கூடவே, ஒப்பீட்டுக்கு, எந்தப் புரதத்தின் மரபணுவும் இல்லாத வெற்று வெக்டர். 15% ஜெல், குழிக்கு 20 மைக்ரோகிராம், 0.2 மைக்ரான் துளையுள்ள பிவிடிஎஃப் சவ்வு. 0.45 போட்டால் இவ்வளவு சிறிய புரதம் சவ்வைத் துளைத்துக்கொண்டு போய்விடும். சந்தேகமிருந்தால் பின்னால் இன்னொரு சவ்வு வையுங்கள். ஃப்ளாக் மூன்றிலும் சமம். நம் ஆன்டிபாடிக்கு எஃப்ஏபிபி7 பளிச். நீண்ட எக்ஸ்போஷரில் எஃப்ஏபிபி5 மங்கலாக.

7 மார்ச், வெள்ளி

14.5 நாள் எலிக்கரு மூளை. இங்கே ஃபிக்சேஷன்தான் (திசுவை வேதிப்பொருளால் அப்படியே நிலைநிறுத்துவது) எல்லாம். பிஎல்பிபி சைட்டோபிளாசத்தில் கரைந்து கிடப்பது. அரைகுறையாக ஃபிக்ஸ் செய்து ட்ரைட்டன் (செல் சவ்வைத் திறக்கும் சோப்பு) ஊற்றினால் கழுவிக்கொண்டு போகும், மெலிந்த இழைகள் முதலில் மறையும். 4% பாராஃபார்மால்டிஹைடு, 4 டிகிரி, 4 மணி நேரம். பிறகு 30% சுக்ரோஸ், மூளை அடியில் அமரும் வரை. மெத்தனால் மட்டும் வைத்து ஃபிக்ஸ் செய்வதை இதற்கு நாங்கள் விரும்புவதில்லை.

16 மைக்ரான் குறுக்குவெட்டு. ஆன்டிபாடி பிடிக்கும் இடங்களைத் திறக்க, பிஎச் 6 சிட்ரேட்டில் 95 டிகிரி, 10 நிமிடம். பாத்திரத்திலேயே ஆறவிட வேண்டும், சூட்டோடு எடுத்தால் வெட்டுகள் கழன்றுவிடும். ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க 10% ஆட்டுச் சீரம், 0.2% ட்ரைட்டன், ஒரு மணி நேரம். ஆன்டிபாடியை 1:250, 1:500, 1:1000 என மூன்று விகிதங்களில் நீர்த்தோம். இரவு முழுக்க, 4 டிகிரி.

8 மார்ச், சனி

1:500 நன்று. வென்ட்ரிக்கிள் ஓரத்தில் செல் உடல்கள் நெருக்கமாக, அங்கிருந்து மூளையின் வெளிப்பரப்பான பையா வரை இழைகள். நுனியில் பாதம் விரிவதுகூடத் தெரிகிறது. நியூக்ளியஸிலும் சாயம் உண்டு, அது பின்னணியல்ல. 1:250-இல் கார்ட்டிகல் பிளேட்டில் (வளரும் புறணியின் நியூரான் அடுக்கு) டியூஜே1 ஆன்டிபாடி அடையாளம் காட்டும் நியூரான்களின் உடலும் ஒளிர்கிறது. எஃப்ஏபிபி5 கலப்பு என்றே சந்தேகிக்கிறோம். தீர்ப்பு எஃப்ஏபிபி7 மரபணு நீக்கிய எலியின் திசுவில்தான். முதல் ஆன்டிபாடியைப் பிடித்து ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடி மட்டும் போட்ட ஸ்லைடு அதற்கு ஈடாகாது.

11 மார்ச், செவ்வாய்

நெஸ்டினோடு (நரம்புத் தாய்ச் செல்களின் இன்னொரு அடையாளப் புரதம்) சேர்த்துப் போடுவோர் கவனிக்க: எலித்திசுவில், எலியிலிருந்து வந்த மோனோகுளோனல் (ஒரே வகை ஆன்டிபாடி) போட்டால், இரண்டாம் ஆன்டிபாடி திசுவின் சொந்த ஆன்டிபாடிகளையும் பிடிப்பதால் ரத்தக்குழாயும் மூளையுறையும் சேர்ந்து ஒளிரும். கோழியில் உண்டாக்கிய நெஸ்டின் ஆன்டிபாடி நல்லது.

கல்ச்சரில் உயிருள்ள செல்களுக்கு இந்த வகை ஆன்டிபாடியை ஊற்றும்போது எச்சரிக்கை தேவை. 1994-இல் ஃபெங், ஹாட்டன், ஹைன்ட்ஸ் பிஎல்பிபியை விவரித்த கட்டுரையிலேயே, சுத்திகரித்த ஆன்டிபாடி கலப்புக் கல்ச்சரில் கிளையாவின் வளர்மாற்றத்தை (முதிர்ந்த வடிவம் பெறுவதை) தடுத்தது. சாயமிடுவது ஃபிக்ஸ் செய்த பிறகே.

பாசிட்டிவ் கண்ட்ரோலாகப் பிறந்து 7 நாளான சிறுமூளை ஒன்றை எப்போதும் கூடவே வையுங்கள். பெர்க்மன் கிளையா (சிறுமூளையின் ரேடியல் வகைக் கிளையா) இழைகள் அதில் வரிசையாக நிற்காவிட்டால் அன்றைய ஸ்லைடுகள் எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.